அமெரிக்காவுல முதல் தடவை அதிபர் தேர்தல்ல ஓட்டு போடப் போறீங்களா? ஆளை மட்டும் பாக்காதீங்க, ஜோடியைப் பாருங்க

சிட்டிசன்ஷிப் ஓத் முடிஞ்சு, கையில சின்னக் கொடியோட போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்புல போட்டாச்சு, பாஸ்போர்ட்டுக்கும் அப்ளை பண்ணியாச்சு, அடுத்து ஓட்டு விஷயம் என்னன்னு கேக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. டிரம்ப் ரெண்டு தடவை ஜெயிச்சிட்டதால 22வது சட்டத்திருத்தப்படி மறுபடி தேர்ந்தெடுக்கப்பட முடியாது, அதனால ரெண்டு கட்சியிலயும் அதிபர், துணை அதிபர் வேட்பாளர்னு புது ஜோடி தான் வரும். முதல் தடவை ஓட்டு போடுறவங்களுக்கு இது ஒரு வகையில வசதி, இங்கயே பொறந்தவங்களும் உங்களை மாதிரி முதல்லருந்து தான் யோசிக்கணும்.

நம்ம ஊர்ல நாம பழகினது வேற. தொகுதி எம்எல்ஏவுக்கு ஓட்டு போடுவோம், மெஜாரிட்டி வந்த கட்சி முதல்வரை முடிவு பண்ணும், துணை முதல்வர்னு ஒருத்தர் இருந்தா இருப்பாரு இல்லன்னா இல்ல, நடுவுல முதல்வருக்கு ஏதாவது ஆச்சுன்னா எம்எல்ஏக்கள் கூடி வேற ஆளை எடுப்பாங்க. இங்க அந்த கூடிப் பேசுற கதையே கிடையாது. அதிபர் இறந்துட்டாலோ ராஜினாமா பண்ணாலோ அடுத்து துணை அதிபர் தான் அதிபர், மிச்ச காலம் முழுக்க அவரே. இதுவரைக்கும் 9 தடவை அப்படி நடந்திருக்கு, 8 தடவை அதிபர் இறந்ததால, ஒரு தடவை நிக்சன் ராஜினாமா பண்ணதால. அதனால ரன்னிங் மேட்டை, அதாவது கூட நிக்கிற துணை அதிபர் வேட்பாளரை, கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நினைச்சு கண்டுக்காம விட்டுடாதீங்க.

முதல்ல ஓட்டு இருக்கான்னு பாருங்க

கிரீன் கார்டு இருந்தா அதிபர் தேர்தல்ல ஓட்டு கிடையாது. இதை ஏன் தனியா சொல்றேன்னா, டிரைவிங் லைசன்ஸ் எடுக்கவோ புதுப்பிக்கவோ போறப்ப "வோட்டரா பதிவு பண்ணிக்கிறீங்களா"ன்னு ஒரு கேள்வி வரும், அவசரத்துல எல்லாத்துக்கும் எஸ் எஸ்னு அமுக்கிட்டு வந்துடுவாங்க. சிட்டிசன் ஆகாம பதிவு பண்றதும் ஓட்டு போடுறதும் பெரிய சிக்கல், நாடு கடத்துற அளவுக்குக் கூட போகலாம், பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ற என்-400 ஃபார்ம்லயே இதை நேரடியா கேப்பாங்க. உங்க அப்பா அம்மா கிரீன் கார்டுல இருந்தா அவங்க கூட கவுன்டர்ல பக்கத்துல நில்லுங்க. கிரீன் கார்டு இருக்கிறவங்க வேட்பாளருக்கு பணம் நன்கொடை தரலாம், அது சட்டப்படி சரி, ஆனா எச்-1பி வேலை விசாவுல இருக்கிறவங்க அதுவும் பண்ணக்கூடாது, பத்து டாலர் கூட.

சிட்டிசன் ஆயாச்சுன்னா பதிவு. பல ஊர்ல ஓத் முடிஞ்ச இடத்துலயே ஃபார்ம் கொடுப்பாங்க. இல்லன்னா வோட்.கவ் தளத்துக்குப் போயி உங்க ஸ்டேட்டை தட்டினா அது சரியான இடத்துக்கு கூட்டிட்டுப் போகும். ஒவ்வொரு ஸ்டேட்டும் ஒவ்வொரு தினுசு, கலிஃபோர்னியாவுல ஆன்லைன்லயே முடிஞ்சிடும், டெக்சாஸ்ல பெரும்பாலும் பேப்பர் ஃபார்ம் நிரப்பி அனுப்பணும், அதுவும் தேர்தலுக்கு 30 நாள் முன்னாடியே, நியூ ஜெர்சியில 21 நாள், மினசோட்டாவுலயும் விஸ்கான்சின்லயும் ஓட்டு போடுற அன்னைக்கே போயி பதிவு பண்ணிக்கலாம், வட டகோட்டாவுல பதிவுங்கிற சங்கதியே கிடையாது. வீடு மாறினா அட்ரஸ் மாத்தணும்ங்கிறதை மறந்துடாதீங்க, டெக்சாஸ்ல ஒரு கவுன்டியிலருந்து இன்னொண்ணுக்கு மாறினா கூட புதுசா பண்ணணும்.

பிரைமரியை விட்டுடாதீங்க

நிறைய பேர் நவம்பர் மட்டும் தான் தேர்தல்னு நினைக்கிறாங்க. நவம்பர்ல உங்க முன்னாடி நிஜமா ஜெயிக்கக் கூடியவங்க ரெண்டே ஜோடி தான் இருக்கும், அந்த ஜோடிகளோட அதிபர் வேட்பாளர் யாருன்னு முடிவாகுறது அந்த வருஷ ஆரம்பத்துலருந்து ஜூன் வரைக்கும் கட்சிக்குள்ள நடக்குற பிரைமரி தேர்தல்ல. நியூயார்க், பென்சில்வேனியா, ஃப்ளோரிடா மாதிரி ஸ்டேட்ல கட்சி பேரோட பதிவு பண்ணியிருந்தா தான் அந்தக் கட்சி பிரைமரியில ஓட்டு. டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன், வர்ஜினியாவுல பதிவுல கட்சியே கிடையாது, போன அன்னைக்கு எந்தக் கட்சி பேலட் (ஓட்டுச் சீட்டு) வேணும்னு சொன்னா போதும். கட்சி பேரு போட்டா நவம்பர்ல அந்தக் கட்சிக்கே தான் போடணுமான்னு கேப்பாங்க, இல்லவே இல்ல, ரகசிய ஓட்டு தான், யாருக்கு வேணா போடலாம். உங்க ஸ்டேட் லேட்டா ஓட்டு போடுற ஸ்டேட்டா இருந்தா, நியூ ஜெர்சி மாதிரி ஜூன்ல, அதுக்குள்ள போட்டி முடிஞ்சே போயிருக்கும், அது கொஞ்சம் கடுப்பு தான்.

இதுல கவனிக்க வேண்டியது, பிரைமரியில ரன்னிங் மேட் பேரே இருக்காது. ஜெயிச்சவர் தானா ஒருத்தரை சொல்லுவாரு, கட்சி மாநாட்டுல கைதட்டி ஒத்துக்குவாங்க. 2024ல டிரம்போட ரன்னிங் மேட் ஜே.டி. வான்ஸ் பேரை ஜூலை 15 அன்னைக்கு சொன்னாங்க, கமலா ஹாரிஸோட ரன்னிங் மேட் டிம் வால்ஸ் பேரு ஆகஸ்ட் 6. அதாவது நாட்டுல ரெண்டாவது பெரிய பதவிக்கு யாருங்கிறதை ஒரே ஒரு ஆள் முடிவு பண்றாரு, உங்களுக்கு அதை அலச கிடைக்கிறது மூணு நாலு மாசம்.

பேலட்ல ஒரே வட்டம்

நவம்பர் பேலட்ல ரெண்டு பேரு பேரும் சேர்ந்து இருக்கும், பக்கத்துல ஒரே ஒரு வட்டம். இவரு அதிபர் அவரு துணை அதிபர்னு கலந்து கட்ட முடியாது. ஆரம்பத்துல இப்படி இல்ல, அதிக ஓட்டு வாங்கினவர் அதிபர் ரெண்டாவது வந்தவர் துணை அதிபர்னு வச்சிருந்தாங்க, 1800ல ஜெஃபர்சனும் அவரு கட்சிக்காரரே ஆன பர்ரும் சமமா வந்து முட்டிக்கிட்டு, பார்லிமென்ட் கீழ்சபையான ஹவுஸ்ல 36 ரவுண்டு ஓட்டு எடுத்து தான் தீர்ந்துச்சு, அப்புறம் 1804ல 12வது திருத்தம் வந்து தனித்தனி ஓட்டு ஆச்சு.

கணக்குல சேர்றது மொத்த நாட்டு ஓட்டு இல்ல, ஸ்டேட் வாரியா ஒதுக்கியிருக்கிற எலெக்டோரல் ஓட்டு. மொத்தம் 538, ஜெயிக்க 270. மெய்ன், நெப்ராஸ்கா ரெண்டையும் தவிர மத்த இடத்துல ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்கினாலும் ஸ்டேட் மொத்தமும் அவருக்கே. 2016ல ஹிலரி கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல ஓட்டு அதிகம் வாங்கியும் தோத்தது இதனால தான். ஸோ நீங்க எங்க இருக்கீங்கங்கிறது முக்கியம். முடிவு முன்கூட்டியே தெரிஞ்ச கலிஃபோர்னியாவுல, ஃப்ரீமான்ட்ல இருக்கிற உங்க ஃப்ரெண்டு ஓட்டுக்கும் அட்லான்டா பக்கம் ஆல்ஃபரெட்டாவுல இருக்கிற உங்க ஓட்டுக்கும் ஒரே மதிப்புன்னு யாராவது சொன்னா சிரிச்சிட்டு போங்க, 2020ல ஜார்ஜியாவுல வித்தியாசம் 12 ஆயிரத்துக்கும் கம்மி.

மூணாவது கட்சிக்கு போடலாமான்னு கேட்டா, போடலாம், உங்க உரிமை, ஆனா என்ன நடக்கும்னு தெரிஞ்சு போடுங்க. 1992ல ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கினாரு, எலெக்டோரல் ஓட்டு பூஜ்யம். 2000ல ஃப்ளோரிடாவுல புஷ் ஜெயிச்சது 537 ஓட்டுல, அதே ஸ்டேட்ல ரால்ஃப் நேடர் வாங்கினது 97 ஆயிரத்துக்கு மேல. கலிஃபோர்னியாவுல எதிர்ப்பை காட்ட ஒரு ஓட்டு போடுறது வேற, இழுபறியா இருக்கிற விஸ்கான்சின்ல போடுறது வேற.

உங்க கவலை என்ன, அது யார் கையில இருக்கு

இந்த ஸ்டெப்பை தான் எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. டிவியை போட்டு யாரு நல்லா பேசுறாங்கன்னு பாக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல உங்க வீட்டை பாதிக்கிற நாலஞ்சு விஷயத்தை எழுதுங்க. தம்பியோட கிரீன் கார்டு வெயிட்டிங், பொண்ணோட காலேஜ் ஃபீஸ், அம்மாவோட மெடிகேர் (பெரியவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), வீட்டு வாடகை, ஸ்கூல்ல துப்பாக்கி, கருக்கலைப்பு சட்டம், ஊருக்கு அனுப்புற பணம், எது உங்களுக்கோ அது. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது அதிபர் கையில இருக்கா, காங்கிரஸ் (இங்க அது கட்சி இல்ல, செனட்டும் ஹவுஸும் சேர்ந்த பார்லிமென்ட்) கையிலயா, ஸ்டேட் கையிலயா, கோர்ட் கையிலயான்னு எழுதுங்க.

நம்மாளுங்களுக்கு தெரிஞ்ச உதாரணம் கிரீன் கார்டு. வேலை வழி கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 1,40,000, எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது, இது காங்கிரஸ் போட்ட சட்டம். எந்த அதிபர் மேடையில நின்னு சத்தியம் பண்ணாலும் காங்கிரஸ் இல்லாம இந்த 7ஐ 8 ஆக்க முடியாது. பைடன் 2021ல பதவிக்கு வந்ததுமே இந்த நாட்டு உச்சவரம்பை தளர்த்துற மசோதாவை அனுப்பினாரு, அது நிறைவேறல. டிரம்ப் 2024 ஜூன்ல ஒரு பாட்காஸ்ட்ல அமெரிக்க காலேஜ்ல படிச்சு முடிச்சவங்களுக்கு டிப்ளமாவோட சேர்த்து கிரீன் கார்டு தரணும்னாரு, நம்ம வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் குதிச்சுது, கொஞ்ச நேரத்துலயே அவங்க பிரச்சாரக் குழு அது கடுமையா சோதிச்சு தேர்ந்தெடுத்தவங்களுக்கு மட்டும்னு சுருக்கிடுச்சு. ரெண்டு கட்சியிலயும் இதே கதை தான்.

ஆனா அதிபரால எதுவுமே முடியாதுன்னும் நினைக்காதீங்க. எச்-1பிகாரங்களோட குடும்பத்துக்கான எச்-4 விசாவுல இருக்கிற மனைவிமார், கணவன்மார்ல ஒரு பகுதிக்கு வேலை பாக்குற அனுமதி வந்தது 2015ல ஒபாமா அரசாங்கம் போட்ட விதியால, காங்கிரஸ் சட்டத்தால இல்ல. 2025 செப்டம்பர்ல புது எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம்னு வந்ததும் அதிபரோட ஒரு பிரகடனத்தால தான். ஸோ வேட்பாளர் ஒரு வாக்குறுதி கொடுத்தா கேக்க வேண்டிய கேள்வி, இதை நீங்க தனியா கையெழுத்து போட்டு பண்ண முடியுமா, இல்ல செனட்டும் ஹவுஸும் வேணுமா. தனியா பண்ண முடியும்னா அடுத்து வர்றவரும் தனியாவே அழிச்சிட முடியும்ங்கிறதையும் சேர்த்து கணக்குல எடுங்க. கோர்ட் வேற இருக்கு, பைடனோட கல்விக்கடன் தள்ளுபடி திட்டத்தை 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அடிச்சிடுச்சு.

கோர்ட்டுன்னு வந்ததும் சொல்லிடுறேன், அதிபர் நாலு வருஷத்துக்கு, அவரு போடுற நீதிபதி ஆயுசுக்கும். டிரம்ப் முதல் தடவை 3 பேரை சுப்ரீம் கோர்ட்டுக்கு போட்டாரு, 2022ல கருக்கலைப்பு உரிமை தீர்ப்பு மாறினது அதுக்கப்புறம் தான். உங்களுக்கு அந்தத் தீர்ப்பு பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும் உங்க லிஸ்ட்ல நீதிபதி நியமனத்துக்கு ஒரு வரி கண்டிப்பா இருக்கணும்.

பேச்சு இல்ல, பதிவு

வேட்பாளர் முன்னாடி என்ன வேலையில இருந்தாரோ அதை வச்சு தேடுற இடம் மாறும். செனட்டரோ ஹவுஸ் உறுப்பினரோ இருந்திருந்தா காங்கிரஸ்.கவ் தளத்துல எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டு போட்டாருன்னு இருக்கும். ஒரு எச்சரிக்கை, ஆயிரம் பக்க பட்ஜெட் மசோதாவுல நூறு விஷயம் இருக்கும், அதுல வேணாம்னு போட்டதை எடுத்து "இவரு ராணுவ வீரர்களுக்கு எதிரா ஓட்டு போட்டாரு"ன்னு விளம்பரம் வரும், அது பொய்யும் இல்ல முழு உண்மையும் இல்ல. கவர்னரா (இங்க அவரு நம்ம ஊர் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டு போட்டு வர்றவர்) இருந்திருந்தா எதை கையெழுத்து போட்டாரு எதை வீட்டோ பண்ணாருன்னு பாருங்க, எனக்கு கவர்னர் பதிவு தான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அங்க பழியை தள்ளிவிட ஆள் கம்மி. பிசினஸ்லருந்து வந்தவர்னா கோர்ட் கேஸும் சொத்து விவர அறிக்கையும் பேசும்.

பணம் எங்கருந்து வருதுன்னு தேர்தல் கமிஷன் தளமான எஃப்இசி.கவ்ல பாக்கலாம். அங்க தனிநபர் நன்கொடையும் பேரு, ஊரு, வேலை பாக்குற கம்பெனியோட இருக்கும், நீங்க 200 டாலருக்கு மேல கொடுத்தா உங்க பேரும் வரும், பக்கத்து வீட்டுக்காரர் தேடிப் பாப்பாரு, தெரிஞ்சு கொடுங்க. முழு பேச்சு கேக்கணும்னா சி-ஸ்பான் சேனல், அங்க வெட்டு ஒட்டு இல்லாம இருக்கும், தூக்கம் வரும் ஆனா தெளிவு வரும்.

இப்ப ரன்னிங் மேட்டுக்கு வருவோம்

முதல் கேள்வி, நாளைக்கு காலையில இவரு அதிபர் ஆனா சமாளிப்பாரா. 1945ல ரூஸ்வெல்ட் இறந்தப்ப ட்ரூமன் துணை அதிபரா இருந்தது வெறும் 82 நாள், அணுகுண்டு திட்டத்தோட விவரம் அதுவரைக்கும் அவருக்கு தெரியாது, நாலு மாசத்துல அதை போடலாமா வேணாமாங்கிற முடிவு அவரு கையில. 1973ல துணை அதிபர் ஆக்னியூ வரி ஏய்ப்பு வழக்குல ராஜினாமா பண்ணாரு, நிக்சன் ஜெரால்ட் ஃபோர்டை நியமிச்சாரு, அடுத்த ஆகஸ்ட்ல நிக்சனே போயிட்டாரு, கடைசியில எந்த தேசிய தேர்தல்லயும் மக்கள் ஓட்டு போடாத ஒருத்தர் அதிபர். பழைய கதை தானேன்னா 2024ஐ பாருங்க. ஜூன் 27 டிபேட்ல பைடன் தடுமாறினாரு, ஜூலை 21 விலகினாரு, பிரைமரியில லட்சக்கணக்கான பேர் பைடனுக்கு போட்ட ஓட்டு, வேட்பாளரா வந்தது கமலா ஹாரிஸ். 2020ல ரன்னிங் மேட் தானேன்னு அலட்சியமா இருந்தவங்களுக்கு அவங்களே தலைமை வேட்பாளர் ஆனாங்க.

வயசையும் இங்க சேர்த்து பாக்கணும், மரியாதை குறைவுன்னு நினைக்காதீங்க. 2025ல பதவி ஏத்தப்ப டிரம்புக்கு 78, பதவி ஏத்தவங்கள்லயே அதிக வயசு. தலைமை ஆளுக்கு எழுபது தாண்டியிருந்தா ரன்னிங் மேட்டுக்கு உங்க மார்க்ல பாதி கொடுத்துடலாம்ங்கிறது என் கணக்கு. நாப்பத்தஞ்சு வயசு வேட்பாளர்னா கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம், ஆனா சுட்டுக் கொல்லப்பட்ட கென்னடிக்கு 46 வயசு தான், அதையும் மறக்கக் கூடாது.

ரெண்டாவது, ஏன் இவரை எடுத்தாங்க. இது தான் எனக்கு சுவாரசியமான இடம், ஏன்னா பதவிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு வேட்பாளர் எடுக்குற முதல் பெரிய முடிவு இது, ஆள் எப்படி முடிவெடுக்கிறாருன்னு கண்ணெதிர்ல தெரியும். 2008ல ஒபாமாவுக்கு வெளியுறவு அனுபவம் கம்மின்னு பேச்சு இருந்தப்ப செனட்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்த பைடனை எடுத்தாரு, தன்னோட ஓட்டையை தெரிஞ்சு அடைக்கிற முடிவு. அதே தேர்தல்ல எதிர்ல நின்ன மெக்கெய்ன் தனக்கு 72 வயசு இருக்கிறப்ப கவர்னர் ஆகி ரெண்டு வருஷம் கூட ஆகாத சாரா பேலினை எடுத்தாரு, செய்தியில அதிரடியா இருந்துச்சு, அதுக்கப்புறம் பேட்டிகள்ல திணறல். 1972ல மெக்கவர்ன் அவசரத்துல ஈகிள்டனை எடுத்தாரு, மன அழுத்தத்துக்கு மின்சார அதிர்ச்சி சிகிச்சை எடுத்தது அப்புறம் தான் வெளிய வந்துச்சு, முதல்ல கூடவே நிப்பேன்னு சொல்லிட்டு 18 நாள்ல மாத்தினாங்க. சிகிச்சை எடுத்தது தப்பே இல்ல, விசாரிக்காம எடுத்ததும் சொன்ன பேச்சுல நிக்காததும் தான் அங்க பாக்க வேண்டியது.

சொந்த ஸ்டேட் ஓட்டை கொண்டு வருவாருங்கிற டிவி கணக்கை ரொம்ப நம்பாதீங்க. 1988ல டெக்சாஸ் செனட்டர் பென்ட்சன் கூட நின்னும் டுகாகிஸ் டெக்சாஸ்ல தோத்தாரு, 2004ல எட்வர்ட்ஸ் வட கரோலினாவை கொண்டு வரல, 2012ல பால் ரயன் விஸ்கான்சினை கொண்டு வரல. 1960ல ஜான்சன் டெக்சாஸ் கொண்டு வந்தாருன்னு ஒரு உதாரணத்தை வச்சே அறுபது வருஷமா ஓட்டிட்டு இருக்காங்க. ஒரு வோட்டரா உங்களுக்கு அதுல எந்த லாபமும் இல்ல, அது கட்சிக்காரங்க கவலை.

மூணாவது, இவங்க ரெண்டு பேரும் முன்னாடி ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் என்ன சொன்னாங்க. 1980 பிரைமரியில ரீகனோட பொருளாதாரத் திட்டத்தை கடுமையா கிண்டல் பண்ண புஷ் சீனியர் தான் அவருக்கே துணை அதிபர் ஆனாரு. 2019 ஜூன் டிபேட்ல பைடனை கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைங்களை ஒரே பள்ளியில சேர்க்க பஸ்ல அனுப்புற விவகாரத்துல விளாசின கமலா அடுத்த வருஷம் அவரு ரன்னிங் மேட். 2016ல டிரம்பை வெளிப்படையா எதிர்த்த வான்ஸ் 2024ல அவரு ரன்னிங் மேட். மனசு மாறுறது தப்பு இல்ல, ஆனா எந்த விஷயத்துல மாறினாங்க, காரணம் சொன்னாங்களா, இல்ல பதவி கிட்ட வந்ததும் மாறிடுச்சான்னு பாருங்க. இன்னொண்ணு, தலைவர் தப்பா ஒண்ணு சொன்னா இவரு நோன்னு சொல்லுவாரா. 2021 ஜனவரி 6 அன்னைக்கு காங்கிரஸ்ல ஓட்டை எண்ணினப்ப, டிரம்ப் கேட்டும், எலெக்டோரல் ஓட்டை நிராகரிக்க எனக்கு அதிகாரம் இல்லன்னு அவரோட துணை அதிபர் மைக் பென்ஸ் நின்னாரு, அடுத்த வருஷம் சட்டத்தையே திருத்தி துணை அதிபர் வேலை அங்க சம்பிரதாயம் மட்டும்னு எழுதிட்டாங்க. பென்ஸ் கூட உங்களுக்கு மத்த விஷயத்துல ஒத்துப் போகுதோ இல்லையோ, அந்த ஒரு நாள் அந்த நாற்காலியில யாரு இருந்தாங்கங்கிறது முக்கியமா இருந்துச்சு.

நாலாவது, சும்மா உக்காந்திருக்கிற பதவின்னு சொல்றவங்களுக்கு: செனட்ல சமமா வந்தா துணை அதிபர் ஓட்டு தான் முடிவு. கமலா ஹாரிஸ் 33 தடவை அப்படி போட்டாங்க, அது ரெக்கார்டு. 2022ல அவங்க போட்ட ஓட்டுல நிறைவேறின சட்டத்துல தான் மெடிகேர்ல இன்சுலினுக்கு மாசம் 35 டாலர் வரம்பு வந்துச்சு. 2025 ஜூலை 1 வான்ஸ் போட்ட ஓட்டுல செனட்டை தாண்டின பெரிய வரி மசோதாவுல, வெளிநாட்டுக்கு கேஷா, மணி ஆர்டரா கொடுத்து அனுப்புற பணத்துக்கு 1 சதவீத வரி இருந்துச்சு, பேங்க் கணக்குலருந்து அனுப்பினா இல்ல. ஊருக்கு பணம் அனுப்புறவங்க எல்லாம் அந்த மசோதா 5 சதவீதத்துல ஆரம்பிச்சப்ப பதறினது ஞாபகம் இருக்கும்.

அனுபவத்தை மட்டும் வச்சும் தராசு போடாதீங்க. 2024 ஜோடிகள்ல வால்ஸ் ஹவுஸ்ல 12 வருஷம், அப்புறம் கவர்னர், வான்ஸ் செனட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். ஆனா அக்டோபர் 1 துணை அதிபர் டிபேட்ல அமைதியா, கோர்வையா பேசினது வான்ஸ்னு நிறைய பேர் சொன்னாங்க, வால்ஸ் ஆரம்பத்துல பதட்டமா இருந்தாரு. நல்லா பேசுறதும் நல்லா நிர்வாகம் பண்றதும் வேற வேற, ரெண்டுக்கும் தனித்தனியா மார்க் போடுங்க.

நம்ம ஆளு

இதை சொல்லாம இருக்க முடியாது. கமலாவோட அம்மா ஷ்யாமளா கோபாலன், தாத்தாவோட பூர்வீகம் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம், தேர்தலப்ப அங்க கோயில்ல பூஜை எல்லாம் நடந்துச்சு. விவேக் ராமசாமி தமிழ் பேசுற பாலக்காட்டு குடும்பம், அவரு ரிபப்ளிகன். உஷா வான்ஸோட பெத்தவங்க ஆந்திரா. ஸோ நம்ம ஆளுன்னு பாத்தா ரெண்டு பக்கமும் இருக்காங்க, அந்தக் கணக்கு அங்கயே அடிபட்டுப் போச்சு. கமலா மேடையில சித்திகளைப் பத்தி சொன்னப்ப எனக்கும் சிலிர்த்துச்சு, அது உண்மை, ஆனா அது கிரீன் கார்டு கியூவை ஒரு நாள் கூட குறைக்கல.

டிபேட், ஃபார்வர்டு

டிபேட்டை நேரடியா பாருங்க, முடிஞ்சதும் டிவியை ஆஃப் பண்ணுங்க, யாரு ஜெயிச்சாங்கன்னு பேசுற குழுவை கேக்குறதுக்கு முன்னாடி உங்க லிஸ்ட்டுக்கு பதில் வந்துச்சான்னு டிக் போடுங்க. துணை அதிபர் டிபேட் வழக்கமா ஒண்ணே ஒண்ணு தான், அதை மிஸ் பண்ணாதீங்க. வாட்ஸ்அப்ல வர்ற முப்பது செகண்டு வீடியோவுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன இருந்துச்சுன்னு தெரியாம அண்ணன் அனுப்பினாரு சித்தப்பா அனுப்பினாருன்னு தள்ளி விடாதீங்க. கருத்துக்கணிப்புல நாடு தழுவின நம்பரை விட உங்க ஸ்டேட் நம்பர் தான் உபயோகம்.

பூத்துக்கு போறப்ப

தேர்தலுக்கு சில வாரம் முன்னாடி உங்க கவுன்டி தளத்துலயோ வோட்டர் தகவல் தளமான வோட்411லயோ சாம்பிள் பேலட் கிடைக்கும், பிரிண்ட் எடுத்து வீட்டுல உக்காந்து நிரப்பிப் பாருங்க. அதிபர் மேல முதல் வரி தான், கீழ செனட், ஹவுஸ், ஸ்டேட் உறுப்பினர், நீதிபதி, ஸ்கூல் போர்டுன்னு நீளமா போகும். நீங்க லிஸ்ட்ல காங்கிரஸ் கையிலன்னு எழுதினது எல்லாத்துக்கும் பதில் அங்க தான் இருக்கு, ஜோடிக்கு மட்டும் போட்டுட்டு வந்துட்டா பாதி வேலை தான் ஆச்சு.

ஐடி விஷயத்துல ஸ்டேட் விதியை பாருங்க, டெக்சாஸ்ல துப்பாக்கி லைசன்ஸ் செல்லும் ஆனா யுனிவர்சிட்டி ஐடி செல்லாது, என்னத்த சொல்ல. அங்க போட்டோ உள்ள சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட்டும் செல்லும். பூத்துக்குள்ள செல்ஃபி சில ஸ்டேட்ல சட்டவிரோதம், வெளிய வந்து ஸ்டிக்கரோட எடுத்துக்கோங்க. லிஸ்ட்ல பேரு இல்லன்னு சொன்னா சண்டை போடாம, திரும்பியும் வராம, புரோவிஷனல் பேலட் (தகுதியை அப்புறம் சரிபாத்து எண்ணுற ஓட்டுச் சீட்டு) கேளுங்க, கொடுத்தாகணும்.

வீட்டுல பெரியவங்க தமிழ் மட்டும் தெரிஞ்சு சிட்டிசன் ஆனவங்க இருப்பாங்க, 55 வயசு தாண்டி 15 வருஷம் கிரீன் கார்டுல இருந்தா இங்கிலீஷ் டெஸ்ட் இல்லாமலே ஆகலாம். அவங்களுக்கு பேலட் படிக்க முடியலன்னா கூட ஒரு ஆளை தானே தேர்ந்தெடுத்து பூத்துக்குள்ள கூட்டிட்டுப் போகலாம், மத்திய சட்டமே அனுமதிக்குது, வேலை கொடுக்கிற முதலாளியும் யூனியன் ஆளும் மட்டும் கூடாது. நீங்க போனா படிச்சு சொல்லுங்க, அவங்க சொல்றதை நிரப்புங்க. அம்மா வேற கட்சிக்கு போடச் சொன்னாலும் அங்கயே தான் நிரப்பணும், வாக்குவாதம் எல்லாம் கார்ல வச்சுக்கோங்க.

தபால்ல அனுப்புறவங்க கவர்ல கையெழுத்து போட மறக்காதீங்க, அதுவும் பதிவுல இருக்கிற அதே கையெழுத்து. தமிழ்ல கையெழுத்து போட்டு பதிவு பண்ணியிருந்தா இங்கயும் தமிழ்லயே. நிறைய ஸ்டேட்ல பேலட் போய் சேர்ந்துச்சா, ஏத்துக்கிட்டாங்களான்னு ஆன்லைன்ல டிராக் பண்ணலாம், கையெழுத்து பொருந்தலன்னு மெயிலோ லெட்டரோ வந்தா விளம்பரம்னு குப்பையில போடாம அதுல போட்டிருக்கிற கெடு தேதிக்குள்ள சரி பண்ணி அனுப்பிடுங்க.